பால் மீந்துபோனால் பாயசம்!

கல்யாணமான ஆண்களில் இரண்டு வகை உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. தினமும் மத்தியானம் ஒன்றேகாலுக்கு மாமியார் வீட்டுக்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை.

அவசரப்பட்டுக் கேவலமாக நினைத்துவிடாதீர்கள்! எனக்கு வீடு விழுப்புரம். அப்போது வேலை பார்த்தது திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில். பி.காம். படித்தவனுக்கு வேறு என்ன போக்கிடம்? காலையில் பஸ் ஏறினால் விக்கிரவாண்டி டோல்கேட், கூட்டேரிப்பட்டு என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். என் கெட்ட நேரமோ, நல்ல நேரமோ, ஆபீசிலிருந்து நாலு தெரு தள்ளி மாமியார் வீடு.

"வெளியில சாப்பிட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும் மாப்பிள்ளை? பக்கத்துல வீட்டை வெச்சிக்கிட்டு..." என்றார் அத்தை. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். சாம்பார், ரசம், ஒரு பொரியல். வெள்ளிக்கிழமைகளில் அப்பளம். மெனு மாறியதே கிடையாது.

ஒரே ஒரு நாள் மட்டும் மாறியது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

* * *

2023, செப்டம்பர். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குச் செப்டம்பர் என்றாலே வயிற்றைக் கலக்கும். முப்பதாம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் போயாக வேண்டும். வருஷம் பூரா பில்லை மூட்டையாகக் கட்டி வைத்திருந்த வியாபாரிகள் எல்லாம் அப்போதுதான் மூட்டையை அவிழ்ப்பார்கள். நான் வீடு திரும்ப ராத்திரி பத்து, பத்தரை.

எங்கள் பாப்பாவுக்கு அப்போது பதினைந்து மாதம். நடக்கவில்லை.

தவழவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து, பஞ்சரான ஆட்டோ மாதிரி வீடு பூரா நகர்ந்து வரும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு!

"இன்னும் நடக்கலியா? எங்க பேரன் பத்து மாசத்துல ஓடினான்!" என்பார் எதிர்வீட்டு அம்மா. அந்தப் பேரனை எனக்குத் தெரியும். பத்து மாதத்தில் ஓட ஆரம்பித்தவன், ஸ்கூலுக்கு என்றால் மட்டும் இன்றைக்கும் ஓர் அடி நடக்க மாட்டேன் என்கிறான்.

என் அப்பா ரிடையர்டு தமிழாசிரியர். வீட்டில் தமிழாசிரியர் இருந்தால் கவலை கூட இலக்கணத்தோடுதான் வரும்.

"பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம்டா. மூணாம் மாசம் காப்பு, அஞ்சாம் மாசம் செங்கீரை, ஏழு தால், ஒன்பது சப்பாணி, பதினொண்ணு முத்தம், பதிமூணு வருகை..." என்று விரல் விட்டுக்கொண்டே வந்தவர் வருகையில் நின்றார். வருகை என்றால் குழந்தை தளர்நடை நடந்து வருகிற பருவம். எங்கள் பாப்பா சப்பாணிக்கு டாணென்று ஒன்பதாம் மாதம் கை தட்டியது. வருகைக்குத்தான் இரண்டு மாதம் லேட்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இன்றைக்குக் குழந்தை டாக்டர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறதே, தலை நிற்பது எப்போது, உட்காருவது எப்போது, நிற்பது எப்போது என்று... நம் ஆட்கள் அதைப் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார்கள். ஒட்டக்கூத்தர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் குலோத்துங்க சோழனுக்கே பிள்ளைத்தமிழ் பாடினார். அதற்கும் முன்னால் பெரியாழ்வார், கண்ணன் தவழ்ந்தது, கை தட்டியது, தளர்நடை நடந்தது எல்லாவற்றையும் யசோதையாகவே மாறி நின்று பாடினார். ஓர் ஆண்பிள்ளை! அதுவும் அம்மாவாக மாறி! ஏன், அப்பாவாகவே பாடியிருக்கக் கூடாதா?

எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: அப்பா அந்த நேரத்தில் வீட்டில் இருந்திருக்க மாட்டார்!

* * *

கடைசியில் டாக்டரிடம் போனோம். அவர் பாப்பாவை நிற்க வைத்துப் பார்த்தார். காலைத் தட்டினார். கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துப் பிடுங்கினார். பாப்பா அவர் கண்ணாடியைப் பிடுங்கியது.

"நல்லாத்தானே இருக்கா? உட்கார்ந்து நகர்ற பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தான் நடக்கும். பதினெட்டு மாசம் வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறமும் நடக்கலைன்னா வாங்க, பார்க்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருப்பேனா? உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படித்தேன். இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து எழுதியது. நன்றாக இருக்கிற குழந்தைகளே 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தானாக நடக்கலாமாம். அதாவது, ஒரு குழந்தை நடந்து ஒன்பது மாதம் கழித்து இன்னொரு குழந்தை நடந்தாலும் இரண்டுமே நார்மல்! அதிலும் நூற்றுக்கு நாலு குழந்தைகள் தவழாமலேயே நடந்துவிடுகின்றனவாம்.

எதிர்வீட்டு அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அவங்க கிடக்கிறாங்க" என்று உலக சுகாதார நிறுவனத்தையே தள்ளிவிட்டார்.

இதற்கிடையே என் மச்சினன் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். நடுவில் குழந்தையை உட்கார வைத்துவிட்டால் விர்ர்ரென்று சுற்றுமே, அது. டாக்டர் போனிலேயே திட்டினார். "அதுல உட்கார்ந்தா பிள்ளை நுனிக்காலால தள்ளத்தான் கத்துக்கும். பேலன்ஸ் வராது. படிக்கட்டுல உருண்டா இன்னும் ஆபத்து!" கனடாவில் 2004-லிருந்து அந்த வாக்கரை விற்கவே தடையாம்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஆசாரியிடம் சொல்லி மரத்தில் ஒரு நடைவண்டி செய்து வாங்கி வந்தார். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை. வாக்கரில் வண்டி குழந்தையைத் தாங்கும். நடைவண்டியில் குழந்தை தானே நிற்க வேண்டும், தானே தள்ள வேண்டும். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

என் அம்மா தன் பங்குக்கு மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். "பிள்ளை நடந்துட்டா வேன் வெச்சிக்கிட்டு வந்து மொட்டை போட்டுக் காது குத்தறேன் தாயே!"

டாக்டர், உலக சுகாதார நிறுவனம், நடைவண்டி, அங்காளம்மன். நாலு பக்கமும் ஏற்பாடு பக்கா. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது:

"நடந்துச்சா?"

"இல்லைங்க."

தினமும் இதே கேள்வி. தினமும் இதே பதில்.

* * *

செப்டம்பர் 20, புதன்கிழமை. மத்தியானம் வழக்கம்போல் அத்தை வீட்டில் இலையில் உட்கார்ந்தேன். சாம்பார் ஆயிற்று. அத்தைக்கு ஒரு போன் வந்தது. எழுந்து பின்கட்டுப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. வெங்காயம் நறுக்கினேன்."

சமையல் முடிந்து நான் பாதி சாப்பாட்டில் இருக்கிறேன். இப்போது எதற்கு வெங்காயம் என்று கேட்கத் தோன்றவில்லை. என் மூளை பூராவும் ஓர் அரிசி மண்டியின் கையிருப்புக் கணக்கில் கிடந்தது.

"கொஞ்சம் இருங்க, எழுந்துடாதீங்க" என்று உள்ளே போனவர், கால் மணி நேரத்தில் சேமியா பாயசத்தோடு வந்தார்.

"என்ன அத்தை விசேஷம்?"

"விசேஷம் என்ன... பால் மீந்துபோச்சு. அதான்."

இரண்டு டம்ளர் குடித்தேன். பால் மீந்தால் பாயசம் என்பது நல்ல கொள்கைதான் என்று நினைத்தபடி ஆபீசுக்குப் போய்விட்டேன்.

24-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் அரை நாளோடு விட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்காரி காபியைக் கொடுத்துவிட்டு, "அந்தச் சுவர் ஓரமா உட்காருங்க. கையில சாவிக்கொத்தை வெச்சி ஆட்டுங்க" என்றாள். ஆட்டினேன்.

எதிர்ச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்த பாப்பா சுவரை விட்டது. என்னைப் பார்த்தது. சாவியைப் பார்த்தது.

ஒன்று... இரண்டு... மூன்று... நாலு... ஐந்து! தொப்பென்று என் மடியில் விழுந்தது.

நான் அழுதேன் ஸார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், முப்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை ஓவென்று அழுதேன். செல்போனில் படம் எடுக்கக்கூடத் தோன்றவில்லை. ராத்திரி டைரியில் எழுதினேன்: '24.9.2023, ஞாயிறு, மாலை 5.40. முதல் நடை. ஐந்து அடி. சாட்சி: நான்.'

* * *

வேண்டுதல் என்றால் நிறைவேற்ற வேண்டாமா? 2024 தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பேசினோம். அமாவாசையைத் தவிர்த்துத்தான் நாள் பார்த்தோம். மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு வருகிற கூட்டத்தில் கைக்குழந்தையோடு நுழைய முடியாது.

புறப்படுவதற்கு முதல் நாள் மச்சினன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று கேரவனில் டூர் போகிறது. உள்ளேயே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம்! "கேரளாவுல கூட 2021-லேயே கேரவன் டூரிஸம் ஆரம்பிச்சிட்டாங்க மாமா. நாமளும் இப்படிப் போவணும்!"

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? யோசித்துப் பார்த்தால், மொட்டைக்குப் போகிற வேனுக்கு எந்தக் கேரவன் ஈடு?

பதினாலு சீட் வேன். விடிகாலை ஐந்து மணிக்கு விழுப்புரத்தில் ஏறியவர்கள் பத்துப் பேர். திண்டிவனத்தில் மாமியார் பட்டாளம் ஏழு பேர். வாண்டுகள் ஐந்து கணக்கில் வராது. கட்டிலா? அத்தைகளின் மடி வரிசையாக இருக்கிறது, குழந்தை ஒரு மடியில் தூங்கி மூன்றாவது மடியில் எழுந்திருக்கும். அடுப்பா? கோயிலில் பொங்கல் வைக்க விறகே வேனுக்குள் இருக்கிறது. ஃப்ரிட்ஜா? ஈரத்துணி சுற்றிய மண்பானை. பாத்ரூம்? திண்டிவனம் என்ற பேரே 'திந்திரிணி வனம்', அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். காடு போனாலும் அங்கங்கே ஒரு மரம் மிச்சம் இருக்கிறது. போதும்!

திண்டிவனத்திலிருந்து செஞ்சி. விடியல் வெளிச்சத்தில் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்ததும் வாண்டுகள் ஜன்னலில் தொங்கின. (அந்தக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது.) அப்புறம் வளத்தி. எட்டு மணிக்கெல்லாம் மேல்மலையனூர்.

மொட்டைக்குப் பைசா செலவில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணம் கிடையாது. பாப்பா கத்தியதைத்தான் கணக்கில் எழுத முடியாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். குத்துகிறவர் அடுத்த காதுக்கு வருவதற்குள் மாமனும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசி இறக்கிவிட்டதும், பாப்பா கோபத்தோடு கோயில் வாசலில் தனியாக நடந்து போனது பாருங்கள்... வேண்டுதலுக்கு அதைவிட என்ன ரசீது வேண்டும்?

திரும்பும்போது செஞ்சியைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்திச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். புளிசாதம், உருளைக்கிழங்கு. கடைசியில் அத்தை ஒரு தூக்கைத் திறந்தார்.

மச்சினன் எட்டிப் பார்த்தான். "ஐ! பாப்பா நடந்த அன்னிக்கு மாமாவுக்கு வெச்சியேம்மா, அதே சேமியா பாயசமா?"

புளியமரத்தில் ஓர் இலை ஆடவில்லை.

வீட்டுக்காரி தம்பியை முறைத்தாள். அத்தை தூக்கை மூடினார். என் அம்மா திடீரென்று யாருக்கோ தண்ணீர் ஊற்றப் போனாள். ஆடிட் படித்த மூளை அப்போதுதான் வேலை செய்தது. பாயசம், புதன்கிழமை. நடை, ஞாயிற்றுக்கிழமை. கணக்கு உதைக்கிறது!

"புதன்கிழமையே நடந்துட்டாளா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரிதான் மெதுவாகச் சொன்னாள். "மத்தியானம் ஒண்ணே முக்கால் இருக்கும். நடைவண்டியை விட்டுட்டு மூணு அடி வெச்சா. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். நீங்க இலையில உட்கார்ந்திருக்கறதா சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"தினமும் ராத்திரி செருப்பைக் கழட்டும்போதே கேப்பீங்களே. இல்லைன்னு சொல்லும்போது உங்க முகம் ஒரு மாதிரி ஆயிடும். சரி, ஆமான்னு சொல்லியிருந்தா? 'நான் இல்லாதப்பவா?'ன்னு அதைவிட மோசமா ஆயிருக்கும். அதான்... ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒத்திவெச்சேன்."

நாலு நாள்! எதிர்வீட்டு அம்மாகூட வாயைக் கட்டியிருக்கிறார். ஊருக்கே தெரிந்த விஷயம், பெற்ற அப்பனுக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. கோபமா, அழுகையா என்று தெரியாமல் வேரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

குழந்தை பிறந்தபோது எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் லீவு. மூன்றாவது நாள் கேட்டதற்கு, "பெத்தது உங்க சம்சாரம்தானேப்பா?" என்றார்கள். மத்திய அரசு ஊழியராக இருந்தால் அப்பாவுக்குப் பதினைந்து நாள் லீவு உண்டு, 1997-லிருந்து. பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தத்தில் 26 வாரமானது. தமிழக அரசு ஊழியைகளுக்கு 2021-லிருந்து ஒரு வருஷம். நியாயம்தான், கட்டாயம் வேண்டும். ஆனால் பிரைவேட் கம்பெனி அப்பாவுக்கென்று சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. கொடுத்தால் முதலாளியின் நல்ல மனசு, அவ்வளவுதான். வருகைப் பருவத்துக்கு கேஷுவல் லீவு என்று எந்த ரிஜிஸ்தரிலும் காலம் கிடையாது.

அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ நடந்தப்போ நான் விடைத்தாள் திருத்தும் முகாம்ல இருந்தேன். ஒரு வாரம் கழிச்சி வந்தேன். அன்னிக்குச் சாயங்காலம் உங்கம்மா, 'ஏங்க, ஏங்க, பிள்ளை மொத மொதலா நடக்கறான்!'னு கத்தினா. ஓடி வந்து பார்த்தேன்."

தண்ணீர்ச் செம்போடு அம்மா அப்படியே நின்றாள்.

"நீ நாலு அடி வெச்சே. அப்புறம் திரும்பி வேற வந்தே. மொதல் தடவை நடக்கிறவனுக்குத் திரும்பத் தெரியுமாடா? நான் வாத்தியார். புதுசா விடை எழுதறவனையும் தெரியும், முன்னாடியே எழுதிப் பார்த்துட்டு வந்தவனையும் தெரியும்."

"அப்போ... உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா. செம்பு சாய்ந்து தண்ணீர் புடவையில் ஊற்றியது.

"தெரியும். முப்பத்தஞ்சு வருஷமாத் தெரியும். நீ அவ்வளவு ஆசையா நடிச்சே. நானும் முழு மார்க் போட்டுட்டேன்."

அம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் டம்ளரில் மட்டும் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

நானும் டம்ளரை நீட்டினேன்.

அன்று ராத்திரி டைரியை எடுத்தேன். தப்பான பதிவைக் கண்டுபிடித்தால் உடனே பிழைதிருத்தப் பதிவு போட வேண்டும் என்பது அக்கவுண்டன்ஸியில் பாலபாடம். பேனாவைத் திறந்தேன். '24.9.2023, ஞாயிறு, மாலை 5.40.' கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடிவிட்டேன். ஒரு தப்பான கணக்கைத் தெரிந்தே பாஸ் செய்தது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

* * *

இப்போது நிலைமை தலைகீழ். நான் ஆபீஸை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வருவாள். பாப்பாவுக்கு மூன்றரை வயசு தாண்டிவிட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மூன்று வாரமாகக் காலைத் தரையில் உதைத்து உதைத்தே மூணு சக்கர சைக்கிளை நகர்த்திக்கொண்டிருந்த பாப்பா, பெடலில் காலை வைத்து ஒரு மிதி மிதித்தது. அப்புறம் இன்னொன்று. வராந்தாவின் அந்தக் கோடி வரை போய்ச் சேர்ந்தது. 'பார்த்தியா?' என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தது.

செல்போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு வீட்டுக்காரி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "சைக்கிள் மிதிச்சாளா?"

"இன்னும் இல்லை. நீ அந்தப் பக்கமா நின்னு கூப்பிட்டுப் பாரேன்" என்றேன்.

அவள் போய் நின்று கையை நீட்டினாள். பாப்பா மிதித்தது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா வெளியே வந்துவிட்டார். அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நான் சமையல்கட்டுக்குள் நழுவினேன்.

ராத்திரி சாப்பாட்டில் ஒரு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினேன். சேமியா கொஞ்சம் குழைந்துவிட்டது. முதல் முயற்சிதானே!

"என்னங்க விசேஷம்? பாயசம் எல்லாம்?"

"விசேஷம் என்ன... பால் மீந்துபோச்சு" என்றேன்.

என்னையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு டம்ளர் குடித்தாள்.